பழைய பிரிண்டர் உறையில் செய்த டூல் பாக்ஸ்: ஐந்து மாதம் ஏர்கான் வேனில் வைத்துப் பார்த்த பிறகு

என் கணவர் ஏர்கான் சர்வீஸ் வேலை செய்பவர். அவருடைய டூல் பாக்ஸைத் தூக்கிப் பார்த்தவர்களுக்குத்தான், ஒரு பிளாஸ்டிக் பெட்டியைப் பற்றி நான் ஏன் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன் என்று புரியும். கேஜ், ஸ்பேனர்கள், பைப் கட்டர், செம்புக் குழாயின் வாயை விரிக்கும் கருவி, டிரில், அதற்கு இரண்டு பேட்டரி எல்லாம் சேர்த்து 14 கிலோ. ஒரு நாளைக்கு ஐந்தாறு வீடு. ஒவ்வொரு வீட்டிலும் வேனிலிருந்து இறங்கும், லிஃப்டில் ஏறும், தரையில் டொம்மென்று உட்காரும், மறுபடி வேனுக்குப் போகும். மத்தியான வெயிலில் மூடிக் கிடக்கும் வேனுக்குள் பெட்டியின் மேல் கை வைக்க முடியாது, அவ்வளவு சூடு. வருடத்துக்கு ஒரு பெட்டி போய்விடும். கைப்பிடியின் அடியில் விரியும், இல்லையென்றால் கொக்கி உடையும். ஹார்டுவேர் கடையில் 25 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கொடுத்துப் புதிது வாங்குவார். உடைந்தது குப்பைக்குப் போகும்.

அந்தக் குப்பை எங்கே போகிறது என்பது சிங்கப்பூரில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். எரிப்பு ஆலையில் எரிந்து, சாம்பலாகப் படகில் ஏறி, செமக்காவ் தீவில் இருக்கும் குப்பை நிரப்பிடத்துக்குப் போகிறது. 1999இல் திறந்த அந்த இடம் 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்று அரசாங்கமே சொல்லிக்கொண்டிருக்கிறது. வருடா வருடம் ஒரு பெட்டியை அங்கே அனுப்புவது எனக்கு உறுத்தலாகவே இருந்தது.

என்னைப் பற்றி இரண்டு வரி. ஜூரோங்கில், பிளாஸ்டிக்கை உருக்கி அச்சில் வார்க்கும் ஒரு மோல்டிங் தொழிற்சாலையில் 19 வருடம் கியூசி என்ற தரம் பார்க்கும் பிரிவில் இருந்தேன். பிரிண்டர் உறை, மானிட்டர் பின்மூடி, ரூட்டர் டப்பா, இவைதான் என் மேசைக்கு வந்தவை. தலைக்கு மேல் வெள்ளை விளக்கு, கையில் பருத்திக் கையுறை, ஒரு உறைக்கு 20 வினாடி. கோடு, குழி, வெள்ளிக் கீற்று, நிறமாற்றம், எது இருந்தாலும் சிவப்பு ஸ்டிக்கர். ஒதுக்கிய உறைகளை அங்கேயே அரைத்து, மெஷினின் ஹாப்பரில் புது பிளாஸ்டிக் மணிகளோடு கலப்போம். 20 விழுக்காட்டுக்கு மேல் கலக்கக் கூடாது என்பது எங்கள் வாடிக்கையாளரின் உத்தரவு. ஒரே மெஷினிலிருந்து வந்த, ஒரே வகையான, தூசி படாத பிளாஸ்டிக்குக்கே அவ்வளவு கட்டுப்பாடு. அப்படிப் பழகிய கண்ணுக்கு, பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில், "மின்கழிவுப் பிளாஸ்டிக்கில் செய்த உறுதியான பெட்டி" என்ற அட்டை தெரிந்தால் கால் நகருமா?

கடையின் பெயரை நான் எழுதப் போவதில்லை. பாராட்டோடு ஒரு குறையையும் சொல்ல இருக்கிறேன். இரண்டே பேர் நடத்தும் கடை, அந்தக் குறை அவர்கள் பெயரோடு காலத்துக்கும் ஒட்டிக்கொள்ள வேண்டாம். ஒருவர் தமிழ்ப் பையன், இன்னொருவர் சீனப் பெண். இருவரும் பாலிடெக்னிக்கில் ஒன்றாகப் படித்தவர்கள். பெட்டி 68 வெள்ளி. விலையைக் கேட்டதும் என் கணவர் பக்கத்துக் கடையில் செடி பார்க்கப் போய்விட்டார்.

நான் பெட்டியைத் தலைகீழாகத் திருப்பினேன். அடியில், இரு கூர்க்குறிகளுக்கு நடுவே, "பிசி+ஏபிஎஸ்" என்று அச்சு இருந்தது. பிசி என்றால் பாலிகார்பனேட், ஏபிஎஸ் என்றால் பிரிண்டர் உறைக்கும் கீபோர்டு பொத்தானுக்கும் போடும் பிளாஸ்டிக். விரல் முட்டியால் தட்டினேன். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் பிபி (பாலிபுரொப்பிலீன்) பெட்டி தொப்பென்று சொல்லும். இது டக்கென்று, கெட்டியாகச் சொன்னது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். வெள்ளிக் கீற்று ஒன்றுகூட இல்லை. இந்தக் கீற்று ஈரத்தின் அடையாளம். மணிகளைச் சரியாக உலர்த்தாமல் உருக்கினால் உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகி மேல்பரப்பில் கோடு கோடாக இழுத்துவிடும். பிசியைப் பொறுத்தவரை அது அழகுக் குறை மட்டுமில்லை. சூட்டில் ஈரம் பிசியின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளை அறுத்துவிடும், பார்க்க நன்றாக இருக்கும் பாகம் கீழே விழுந்ததும் தெறிக்கும்.

"தம்பி, எவ்வளவு நேரம் உலர்த்துறீங்க?"

"100 டிகிரியில நாலு மணி நேரம், ஆன்ட்டி. மழை நாள்னா அஞ்சு."

மழை நாளைக்கு ஒரு மணி நேரம் கூட்டுகிறவர் வேலை தெரிந்தவர். வாங்கிவிட்டேன்.

இங்கே கொஞ்சம் நின்று, இந்தப் பெட்டி ஏன் எளிதில் செய்ய முடியாத பொருள் என்று சொல்ல வேண்டும். "எல்லாம் பிளாஸ்டிக்தானே அம்மா, மொத்தமா உருக்கி ஊத்திட்டா ஒண்ணாயிடாதா?" என்று என் மகன் கேட்டான். ஆகாது. ரசத்தில் மிதக்கும் தாளிப்பு எண்ணெயைக் கரண்டியால் எவ்வளவு சுற்றினாலும் அது துளித்துளியாகத்தான் இருக்கும், உருகிய பிளாஸ்டிக்குகளும் அப்படித்தான். வெளியே ஒரே கட்டியாகத் தெரியும், உள்ளே தனித்தனித் தீவுகளாக உறைந்திருக்கும். இழுத்தால் தீவின் கரையில்தான் விரிசல் தொடங்கும். மின்கழிவின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு பிளாஸ்டிக், அதுவும் ஒரே வகை இல்லை. பிரிண்டர் உறை ஏபிஎஸ். பழைய குண்டு டிவியின் பின்மூடியும் ஃபிரிட்ஜின் உள்சுவரும் பெரும்பாலும் ஹிப்ஸ் என்று தொழிற்சாலையில் நாங்கள் சொல்லும், ரப்பர் சேர்த்த பாலிஸ்டைரீன். லேப்டாப் உறையில் பிசியும் ஏபிஎஸ்ஸும் கலந்திருக்கும். சிடி தட்டு முழுக்கப் பிசி.

இவற்றில் பிசியும் ஏபிஎஸ்ஸும் இயல்பாகவே ஓரளவு ஒட்டும். ஏபிஎஸ்ஸும் ஹிப்ஸும் ஒட்டாது. இரண்டிலும் ஸ்டைரீன் உண்டு, இரண்டிலும் பியூட்டடையீன் ரப்பர் உண்டு, பார்த்தால் பங்காளிகள் மாதிரி இருக்கும். ஆனால் ஏபிஎஸ்ஸில் இருக்கும் அக்ரிலோநைட்ரைல் என்ற மூன்றாவது பொருள் நடுவில் நின்று சேர விடாது. தண்ணீர்த் தொட்டியில் போட்டுப் பிரிக்கலாம் என்றால் அதுவும் பாதி தூரம்தான் போகும். பிபி மிதக்கும், மற்றவை மூழ்கும். உப்பைக் கரைத்துத் தண்ணீரின் அடர்த்தியைக் கொஞ்சம் கூட்டினால் ஏபிஎஸ் மேலே வரும், பிசி கீழே கிடக்கும். ஆனால் ஏபிஎஸ், ஹிப்ஸ் இரண்டின் அடர்த்தியும் 1.05ஐ ஒட்டித்தான் (தண்ணீருக்கு 1). இரண்டும் சேர்ந்தே மிதக்கும். பெரிய ஆலைகளில் அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சி வகை பிரிக்கும் கருவி வைத்திருப்பார்கள். கறுப்பு நிறத்துக்குப் போடும் கரி அந்த ஒளியை விழுங்கிவிடுவதால், கறுப்பு உறை எந்த வகை என்று அந்தக் கருவிக்குத் தெரியாது. மின்சாதன உறைகளில் எத்தனை கறுப்பு என்று உங்கள் வீட்டு டிவி அலமாரியைப் பார்த்தாலே போதும்.

சரி, பெட்டிக்கு வருகிறேன். முதல் மூன்று மாதம் எனக்கு எழுத ஒன்றுமே இல்லை. அதுதான் பெட்டிக்கு நான் கொடுக்கும் முதல் பாராட்டு. முதல் வாரமே தோ பாயோவில் ஒரு வீட்டுப் படிக்கட்டில், முழுச் சுமையோடு நான்கு படி உருண்டது. மூலையில் ஒரு வெள்ளைத் தழும்பு, அவ்வளவுதான். அந்த வெண்மையைப் பார்த்து என் கணவர் கவலைப்பட்டார், எனக்கு நிம்மதியாக இருந்தது. ஏபிஎஸ்ஸுக்குள் இருக்கும் நுண்ணிய ரப்பர் துகள்கள் அடியை வாங்கி விரிசலை அங்கேயே நிறுத்தும்போதுதான் இடம் வெளுக்கும். ரப்பர் செத்துப்போன பழைய பிளாஸ்டிக் வெளுக்காது, நேராகப் பிளந்துவிடும். கைப்பிடி அடியில் விரிசல் இல்லை. மூடி வளையவில்லை. வேன் சூட்டில் பிபி பெட்டியின் மூடி மெல்ல மெல்லத் தொய்ந்து, பிறகு பூட்டே சேராது. இதில் அந்தத் தொல்லை இல்லை. பிசி 140 டிகிரியைத் தாண்டினால்தான் இளகும், ஏபிஎஸ்கூட 100ஐ ஒட்டித்தான். வேனின் சூடு இவற்றுக்கு ஒன்றுமில்லை. பெட்டியே 2.6 கிலோ இருக்கிறது, பிபி பெட்டியைவிட ஒரு கிலோ கூட. தோள் வலிக்கிறவர்கள் அதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காவது மாதத் தொடக்கத்தில் இடது பக்கக் கொக்கி போனது. விழவில்லை, இடிபடவில்லை. சாதாரணமாகத் திறக்கும்போது கையோடு வந்துவிட்டது. "68 வெள்ளி," என்று மட்டும் சொல்லி என் கணவர் அதை என் கையில் வைத்தார்.

உடைந்த வாயைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். நல்ல பிசி-ஏபிஎஸ் உடைந்தால் அந்த இடம் வெளுத்து, இழுபட்டு, நார் நாராக இருக்கும். இது புரோட்டாவைப் பிய்த்தது போல் ஏடு ஏடாகப் பிரிந்திருந்தது. ஒரு ஏட்டை நகத்தால் நெம்பினேன், உரிந்து வந்தது. ஒட்டாத பிளாஸ்டிக் ஏதோ உள்ளே புகுந்திருக்கிறது என்று அப்போதே தெரிந்தது. அதற்கு மேல், கொக்கியின் அடியில்தான் வெல்டு லைன் வேறு. மோல்டுக்குள் இரண்டு பக்கமிருந்து ஓடி வரும் உருகிய பிளாஸ்டிக் சந்திக்கும் கோடு அது, எந்தப் பாகத்திலும் பலவீனமான இடம். கலப்படமும் வெல்டு லைனும் ஒரே இடத்தில் சேர்ந்தால் எந்தக் கொக்கியும் நிற்காது.

கடைக்குப் படம் அனுப்பினேன். அரை மணி நேரத்தில் பதில். "ஆன்ட்டி, புதுப் பெட்டி தருகிறோம். ஆனால் உடைந்த துண்டையும் கொண்டுவர முடியுமா?" துண்டைக் கேட்ட அந்த ஒரு வரிக்காகவே சுங்கை காடுட் வரை போனேன்.

அவர்களுடைய பட்டறை, மரக்கடைகளுக்கு நடுவே, இரண்டு கார் நிற்கும் அளவு இடம். ஒரு ஓரம் மூட்டை மூட்டையாக உறைகள். பொதுமக்களிடமிருந்து இவர்கள் எதையும் வாங்குவதில்லை. உரிமம் பெற்ற மறுசுழற்சி நிறுவனம் ஒன்று சாதனங்களைக் கழற்றி, செம்பையும் சர்க்யூட் போர்டையும் எடுத்துக்கொண்ட பிறகு மிஞ்சும் பிளாஸ்டிக்கை இவர்களுக்குத் தருகிறது. 2021 ஜூலை 1 முதல் இங்கே மின்கழிவுக்குத் தனிச் சட்ட ஏற்பாடு இருக்கிறது. தயாரிப்பாளரும் இறக்குமதியாளரும்தான் சேகரிப்புச் செலவை ஏற்க வேண்டும், 300 சதுர மீட்டருக்கு மேல் உள்ள மின்சாதனக் கடைகள் தொட்டி வைக்க வேண்டும், புது ஃபிரிட்ஜ் கொண்டுவருகிறவர் பழையதை இலவசமாக எடுத்துப்போக வேண்டும். இந்த நாட்டில் வருடத்துக்கு ஏறக்குறைய 60,000 டன் மின்கழிவு சேர்கிறது என்பது தேசிய சுற்றுப்புற வாரியத்தின் கணக்கு. உலோகத்துக்கு வாங்க ஆள் உண்டு. பிளாஸ்டிக்குக்குத்தான் ஆள் தேட வேண்டியிருக்கிறது.

வகை பிரிப்பதைப் பார்க்க எனக்கு என் பழைய மேசை ஞாபகம் வந்துவிட்டது. அதே வெள்ளை விளக்கு, அதே கையுறை. ஒவ்வொரு உறையையும் திருப்பி, உள்பக்க அச்சைப் படிக்கிறார்கள். "பிசி+ஏபிஎஸ்" என்பதோடு பக்கத்தில் ஓர் எண் இருந்தால் அது தீத்தடுப்பு மருந்தின் குறியீடு. 40 என்று இருந்தால் பாஸ்பரஸ் வகை, வைத்துக்கொள்கிறார்கள். 17 என்று இருந்தால் புரோமின் வகை, ஓரம். 19 வருடம் அந்த எண் சரியாகப் பதிந்திருக்கிறதா என்று மட்டும்தான் நான் பார்த்திருக்கிறேன். அந்த எண்ணை யாராவது என்றைக்காவது படிப்பார்கள் என்று நினைத்ததே இல்லை. ஒரு உறையை எடுத்துப் பார்த்தேன். எங்கள் தொழிற்சாலையில் ஓடிய மாடல். உள்மூலையில், எப்போது வார்த்தது என்று காட்டும் தேதிச் சக்கரத்தின் அம்பு 2006ஐக் காட்டியது. அதை என் கை தொட்டிருக்கலாம். கொஞ்ச நேரம் எதுவும் பேச வரவில்லை.

அச்சை மட்டும் நம்பாமல், வாரம் ஒரு நாள் எக்ஸ்ரே துப்பாக்கி ஒன்றை வாடகைக்கு எடுத்து ஒவ்வொரு மூட்டையிலும் புரோமின் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். இதில் அவர்கள் கண்டிப்பாக இருப்பது எனக்குப் பிடித்தது. பழைய டிவி மூடிகளில் தீத்தடுப்புக்காகப் போட்ட டெகாபிடிஇ போன்ற புரோமின் சேர்மங்கள் உடம்புக்குள்ளும் மண்ணிலும் தங்கிவிடக்கூடியவை. டெகாபிடிஇயை 2017இல், எளிதில் அழியாத நச்சுப் பொருள்களுக்கான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் தடைப் பட்டியலில் சேர்த்தார்கள். அதே வருடம் ஜூன் முதல் சிங்கப்பூரும் கைப்பேசி, லேப்டாப், ஃபிரிட்ஜ், ஏர்கான், தட்டை டிவி, துணி துவைக்கும் இயந்திரம் ஆகிய ஆறிலும் இத்தகைய பொருள்களுக்கு அளவு விதித்தது. ஆனால் சட்டம் வருவதற்கு முன் செய்த உறைகள் இன்னும் வீடுகளில் இருக்கின்றன. 2019 தொடக்கத்தில் அனலாக் ஒளிபரப்பு நின்றபோது எங்கள் புளோக்கின் கீழே குண்டு டிவிகள் வரிசையாகக் கிடந்தன. அந்த மூடிகளை யாராவது அரைத்து வேறு பொருளில் கலந்தால் என்ன ஆகும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. இங்கே டிவி மூடிகளை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறார்கள்.

கலவையைப் பற்றிக் கேட்டேன், மறைக்காமல் சொன்னார்கள். ஏபிஎஸ் பிரிண்டரிலிருந்தும் மானிட்டரிலிருந்தும். பிசி, மேல்பூச்சை நீக்கிய சிடி, டிவிடி தட்டுகளிலிருந்து. (என் மாமியாரின் பக்திப் பாடல் சிடிகள் இரண்டு பெட்டி வீட்டில் கிடக்கின்றன, இன்னும் மனம் வரவில்லை.) தட்டுக்குப் போடும் பிசி மோல்டில் சீக்கிரம் ஓட வேண்டும் என்பதற்காகச் சங்கிலி குட்டையாகச் செய்தது. குட்டைச் சங்கிலி என்றால் வலு குறைவு. அதனால் அறுந்த நுனிகளை மறுபடி பிணைக்கும் ஒரு மருந்தைச் சிறிதளவு சேர்க்கிறார்கள். ஏபிஎஸ்ஸின் ரப்பர் வருடக்கணக்கில் காற்றும் சூடும் பட்டு இறுகிப்போயிருக்கும், அதனால் புது ரப்பர் துகள் கொஞ்சம். பிறகு இரட்டைத் திருகு மெஷினில் உருக்கி, பிசைந்து, கயிறாக இழுத்து, மணியாக வெட்டுகிறார்கள். பழையதை வெறுமனே உருக்கி ஊற்றினால் வலு குறையத்தான் செய்யும். இப்படிக் குறை எங்கே என்று பார்த்து அதற்கு ஏற்ற மருந்து சேர்த்தால், பிரிண்டர் உறையாக இருந்த ஏபிஎஸ்ஸைவிட அடி தாங்கும் பொருள் வரும். படியில் உருண்ட பெட்டி எனக்கு அதற்குச் சாட்சி.

அப்படியென்றால் கொக்கி? அந்தச் சீனப் பெண் நான் கொண்டுபோன துண்டை வளைத்துப் பார்த்து, உரித்துப் பார்த்து, ஒரு நோட்டைப் புரட்டினார். ஏப்ரலுக்கு முன் ஓட்டிய ஒரு தொகுதியில் அச்சே இல்லாத வெள்ளைத் துண்டுகள் வந்திருக்கின்றன. நிறத்தைப் பார்த்து ஏபிஎஸ் என்று எடுத்திருக்கிறார்கள். அது ஃபிரிட்ஜின் உள்சுவர், ஹிப்ஸ். தடிமனான பெட்டி உடம்பு அதைத் தாங்கிவிட்டது. 2 மில்லிமீட்டர் கொக்கி தாங்கவில்லை. அந்தத் தொகுதியில் 31 பெட்டிகள். வாங்கியவர்கள் எல்லாருக்கும் அன்றைக்கே செய்தி அனுப்பினார்கள், என் கண்ணெதிரே.

இப்போது மூன்று மாற்றம் செய்திருக்கிறார்கள். அச்சு இல்லாத துண்டு எதுவும் பெட்டிக்குப் போகாது. அப்படியும் தப்பி வரும் ஹிப்ஸுக்காக, இரண்டு வீட்டுக்கும் வேண்டியவர் போன்ற ஒரு பொருளைச் சேர்க்கிறார்கள். அந்த மூலக்கூறின் ஒரு பகுதி ஹிப்ஸோடு சேரும், இன்னொரு பகுதி மறுபக்கத்தைப் பிடித்துக்கொள்ளும், இரண்டுக்கும் நடுவில் எல்லையில் நின்று தைத்துவிடும். துளிகளும் சிறுத்துப் பரவும், ஏடாக உரியாது. மூன்றாவது மாற்றம் நான் சொன்னது என்பதால் கொஞ்சம் பெருமையோடு எழுதுகிறேன். கொக்கியின் அடியை 2இலிருந்து 2.8 மில்லிமீட்டராகத் தடிக்கச் சொன்னேன். மோல்டில் இரும்பைச் சுரண்டி எடுத்தால் பாகம் தடிக்கும், அது செலவு குறைந்த வேலை. இரும்பைச் சேர்ப்பதுதான் கஷ்டம். இரண்டு வாரத்தில் செய்துவிட்டார்கள்.

என் பாராட்டு இவ்வளவும் டூல் பாக்ஸுக்கு. அதே சந்தை மேசையில் அவர்கள் வைத்திருந்த இன்னொரு பொருளைப் பற்றி எழுதாமல் விட்டால் நான் மனசாட்சியோடு இருக்க முடியாது. அதே கறுப்புக் கலவையில் செய்த அஞ்சறைப் பெட்டி. பார்க்க அழகு, மூடி கச்சிதம், ஏழு கிண்ணம். முதல் நாளே அதைத் தூக்கிப் பார்த்து எனக்கு வயிறு கலங்கியது. கறுப்புச் சமையல் கரண்டிகளிலும் பொம்மைகளிலும் புரோமின் மருந்தின் எச்சங்கள் கண்டுபிடிக்கப்பட்டிருக்கின்றன. மின்கழிவு கவனமில்லாமல் கலந்ததுதான் காரணம். இவர்கள் கவனமானவர்கள். ஆனால் வாரம் ஒரு நாள் வரும் துப்பாக்கியும் மனிதக் கண்ணும்தான் இவர்களிடம் இருக்கும் காவல். அதே காவலைத் தாண்டித்தான் ஹிப்ஸ் உள்ளே வந்தது. கடுகும் மஞ்சளும் தினமும் கிடந்து, அதிலிருந்து எடுத்துக் குழந்தைகளுக்குச் சமைக்கும் பெட்டிக்கு அந்தக் காவல் போதாது. பட்டறையில் இதைச் சொன்னேன்.

"டெஸ்ட்ல எதுவும் காட்டலையே ஆன்ட்டி."

"கொக்கியும் டெஸ்ட்ல காட்டலையே தம்பி. உங்க அம்மா கையில இதைக் குடுப்பீங்களா?"

அவர் பதில் சொல்லவில்லை. அடுத்த மாதச் சந்தையில் அந்தப் பெட்டி மேசையில் இல்லை. அதே மோல்டில் வார்த்ததை ஆணி, திருகு வைக்கும் பெட்டி என்று 18 வெள்ளிக்கு விற்கிறார்கள். உள்ளே "உணவுக்கு அல்ல" என்று நான்கு மொழியிலும் பொறித்திருக்கிறார்கள். அதை நான் ஒன்று வாங்கினேன். தையல் சாமான் வைத்திருக்கிறேன்.

மின்கழிவுப் பிளாஸ்டிக்கை உயிருக்குப் பக்கத்தில் கொண்டுபோகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. 2020இல் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில், பழைய கணினிப் பாகங்களின் பிளாஸ்டிக் மேல் மனித ஸ்டெம் செல்களை வளர்த்துப் பார்த்தார்கள். ஒரு வாரம் கழித்தும் 95 விழுக்காட்டுக்கு மேலான செல்கள் நன்றாக இருந்தன. அங்கே ஒவ்வொரு துண்டும் எது, எதிலிருந்து வந்தது என்று தெரிந்து, சுத்தம் செய்து, ஆய்வுக்கூடத்தில் சோதித்தது. அந்த அளவுக்குச் சோதிக்க முடிகிற அன்றைக்கு அஞ்சறைப் பெட்டியைப் பற்றி யோசிக்கலாம்.

இன்னும் இரண்டு குறை. பெட்டி கறுப்பு. பல நிறக் கழிவைக் கலந்தால் கறுப்பைத் தவிர எதிலும் சீராக வராது என்பது எனக்குத் தெரியும். ஆனால் கரி போட்டால் இந்தப் பெட்டியின் ஆயுள் முடியும் நாளில் ஒளிக்கருவியின் கண்ணுக்கு இது மறுபடி தெரியாமல் போகும். அடர் சாம்பல் நிறத்தில், கரி இல்லாத சாயத்தில் செய்து பாருங்கள் என்று சொல்லியிருக்கிறேன். முயன்று பார்ப்பதாகச் சொன்னார்கள். அப்புறம் உள்தட்டு. அது இதே கலவை இல்லை, கடையில் வாங்கிய மெல்லிய பிபி. 68 வெள்ளிப் பெட்டிக்குள் அது பொருந்தவில்லை. டிரில் பேட்டரியை வைத்தாலே வளைகிறது. நாங்கள் அதை எடுத்து வைத்துவிட்டோம்.

விலையைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். கனமான சாமான் தூக்குகிறவர்களுக்கு, வருடம் 25 வெள்ளி கொடுத்துப் பெட்டி மாற்றுகிறவர்களுக்கு, மூன்று வருடம் நின்றால் கணக்கு நேராகிவிடும். வீட்டில் ஒரு சுத்தியலும் இரண்டு திருப்புளியும் வைத்திருப்பவர்களுக்கு இது வேண்டாம், பழைய பிஸ்கட் டின் போதும். வாங்குகிறவர்கள் மூடியின் உள்பக்கத்தில் இருக்கும் தொகுதி எண்ணைப் பாருங்கள், ஏப்ரலுக்குப் பிந்தையதா என்று கேட்டு வாங்குங்கள். கொக்கியை நகத்தால் ஒருமுறை நெம்பிப் பார்க்கவும் தயங்காதீர்கள். அவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

புதுப் பெட்டி வந்து ஆறு வாரம் ஆகிறது. போன ஞாயிற்றுக்கிழமை என் கணவர் அதன் பக்கவாட்டில் அளவு நாடா மாட்ட ஒரு கொக்கி வைக்க வேண்டும் என்று டிரில்லை எடுத்தார். பிபி பெட்டியில் இந்த வேலையைச் செய்து இரண்டு முறை விரிசல் விட்டிருக்கிறது. "ஏங்க, மெதுவா," என்று சொல்லிக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்தேன். இரண்டு துளை. இரண்டிலிருந்தும் சீவல் பொடியாக உதிராமல், தேங்காய்ப் பத்தையைச் சீவினாற்போல் நீளமாக, சுருண்டு சுருண்டு வந்தது.